தானே சொன்னது

ஜூலை 4, வியாழன்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மருமகளிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் அத்தை" என்கிறாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. கீழே வாளி வைத்திருக்கிறேன். வழிந்தால் வழியட்டும். அவள் செருப்புதான் அங்கே கிடக்கிறது.

இந்த நோட்டு நான் வாங்கியது இல்லை. பேத்தி படிக்கிற கல்லூரியில் கொடுத்தார்கள். இருமல் மருந்தைப் புட்டி புட்டியாகக் குடித்துவிட்டு வகுப்பில் மேசை மேல் சரிந்து கிடந்திருக்கிறாள் மகராசி. இருமல் என்று ஒன்று அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள், போனோம். மாணவர் நலப் பிரிவு என்று ஓர் அறை. ஆலோசகர் ஒரு பெண், என் பேத்தியைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். காதில் பேனா சொருகியிருந்தாள், கடைக்காரன் மாதிரி.

"மனசுல வர்றதை எல்லாம் இதுல எழுதுங்க பாட்டி. யாருக்கும் காட்ட வேண்டாம்."

"என் மனசுல வர்றதை எழுதுறதா இருந்தா இது ஒண்ணு பத்தாதும்மா" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணல்தான். ஞாபகம் கோணல் இல்லை.

ஜூலை 6, சனி

முதல் கூட்டம். வட்டமாக நாற்காலி போட்டு நடுவில் பிஸ்கட் தட்டு. அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி. ஆறு பிள்ளைகள், ஆறு வீட்டார். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை, பிஸ்கட்டையே பார்த்தார்கள்.

பன்னிரண்டு வாரம். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வர வேண்டும். வீட்டில் ஒருத்தர் தினமும் காலையில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருமகள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள், விடிவதற்கு முன் போய் மதியம் இரண்டரைக்கு வருகிறவள். ஆகவே நான்.

தாளில் இரண்டு கட்டம். ஒன்று 'தானே சொன்னது'. இன்னொன்று 'வீட்டார் கண்டுபிடித்தது'. பிள்ளை குடித்துவிட்டுத் தானே வந்து சொன்னால் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அது எத்தனை ஆனாலும் தண்டனை கிடையாது. நாமாகக் கண்டுபிடித்தால் இரண்டாவதில். அங்கே மூன்று விழுந்தால் கல்லூரியின் ஒழுங்குக் குழு கூப்பிடும். அப்புறம் படிப்பு போனாலும் போகும்.

"நீங்க கண்டுபிடிக்கிறது பெருசில்ல பாட்டி. அவ வாயைத் திறந்து சொல்றா பாருங்க, அதுதான் பெருசு."

"அப்ப எனக்கு எதுக்கு மூக்கு?"

தாடி வைத்த ஒரு பையன் மட்டும் சிரித்தான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

ஜூலை 7, ஞாயிறு

குழாய் பார்க்கவில்லை.

மூக்கைப் பற்றி எழுதியே தீர வேண்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் துணி பிரித்தவள் நான். மூட்டையை அவிழ்த்ததும் சொல்லிவிடுவேன், இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு, இது இன்றைக்கு ராத்திரி தாண்டாத ஆள். மேற்பார்வையாளர் புது ஆட்களை என்னிடம் கூட்டி வந்து காட்டுவார், வித்தை காட்டுகிற மாதிரி.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு என் மகன் மேல் வந்த சாராய வாடையை மட்டும் நான் முகரவில்லை. முகர்ந்தேன். முகராத மாதிரி இருந்தேன். அவன் எழுந்திருக்க முடியாத காலைகளில் சலவைக்கூடத்துத் தொலைபேசியில் அவன் பட்டறைக்குப் பேசுவேன். "ஐயா, பையனுக்குக் காய்ச்சல்." மொத்தம் இருபத்திரண்டு தடவை. இருபத்து மூன்றாவது தடவைக்கு அவன் இல்லை.

அவனைக் கிடத்தியிருந்தபோது நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். மருமகள் கைக்குழந்தையோடு சுவரோரம் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "ஏன் அத்தை அழறீங்க? காய்ச்சல்தானே. நாளைக்கு வேலைக்குப் போயிடுவார்."

பத்தொன்பது வருடம். அவள் அன்று கட்டியிருந்த சேலையின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

பேத்தியின் கான்வாஸ் ஷூவுக்குள் புட்டி மூடி. உருட்டிக் காட்டினேன்.

"அது பழசு பாட்டி."

"பழசுன்னா காஞ்சிருக்கும். இது பிசுபிசுங்குது."

இரண்டாவது கட்டம். ஒன்று.

ஜூலை 20, சனி

இன்று 'வேண்டாம் என்று சொல்லப் பழகுதல்'. ஒருவர் கூட்டாளி மாதிரி நடித்துப் புட்டியை நீட்ட வேண்டும், பிள்ளை மறுக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டிதான். பேத்திக்குக் கூட்டாளியாக என்னைப் போட்டார்கள்.

மற்ற வீட்டார் "குடிப்பா, ஒண்ணும் ஆகாது" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையைக் கோதிவிட்டேன். "உங்கம்மாவுக்கு உன்னைப் பத்தி என்னடி கவலை, ரொட்டியைப் பத்திதான் கவலை. நீ பாஸானாலும் அவ திட்டுவா, ஃபெயிலானாலும் திட்டுவா. எனக்குத் தெரியாதா உன்னை? ஒரு மூடி. தூக்கம் வரும். நாளைக்கு யாரு உன்னைத் தேடப் போறா?"

பேத்தியின் கை புட்டியை வாங்கிக்கொண்டது. தண்ணீர்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டது.

 அப்புறம் தாடிப் பையன், "பாட்டி, நீங்க எங்க ஹாஸ்டலுக்கு வந்துராதீங்க" என்றான். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். ஆலோசகர் மட்டும் தட்டவில்லை.

மகன் இப்படித்தான் எவனோ ஒருவன் சொல்லக் கேட்டிருப்பான். இல்லை... நான் சொல்லித்தான் கேட்டானா? எந்த வார்த்தை எங்கே தொட்டால் வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 2, வெள்ளி

தலையணை உறை. தினமும் ஆறு மணிக்கு அவள் தலைக்கடியில் இருந்து உருவி முகர்வேன், அவள் புரண்டு படுப்பாள். இன்று இனிப்பு. பழம் அழுகி, மேலே சர்க்கரை தூவிய மாதிரி ஓர் இனிப்பு. எழுப்பி மூக்குக்கு நேரே நீட்டினேன். அழுதாள்.

இரண்டாவது கட்டம். இரண்டு.

மதியம் மருமகள் தாளைப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி அத்தை" என்றாள். யாருக்குச் சொன்னாள்? அவளுக்கா, எனக்கா?

ஆகஸ்ட் 14, புதன்

ஒன்றும் இல்லை. உறையில் தேங்காய் எண்ணெயும் தூக்கமும்தான்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று ஆளுமை வளர்ப்பு. ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய், உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று அட்டையில் எழுதச் சொன்னார்கள். என்னையும் கேட்டார்கள். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பேன் என்று ஊருக்கே தெரியுமே, இதற்கு ஓர் அட்டையா என்றேன்.

பேத்தி நன்றாகத்தான் எழுதினாள். கணக்கு வராத பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டுமாம். மூன்று வாரமாகத் தினமும் நேரத்துக்கு எழுந்து நேரத்துக்குப் போகிறாள், அதையும் எழுதினாள். அட்டையின் அடியில் ஒரு கேள்வி: 'கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வேன்?' எட்டிப் பார்த்தேன்.

'பாட்டி' என்று எழுதியிருந்தாள்.

அம்மாவை எழுதவில்லை. அந்த அட்டையை வீட்டுக்கு வந்ததும் மருமகள் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் சாய்த்து வைத்தேன். இன்றைக்கு ரொட்டி இரண்டு துண்டு கூடவே இறங்கியது.

செப்டம்பர் 5, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு உறையை உருவினேன். இனிப்பு. லேசாகத்தான், ஆனால் அதுதான். நெஞ்சு திக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன், கூடவே ஒரு குதியும் குதித்தது. முகர்ந்துவிட்டேன் அல்லவா. எழுப்பவில்லை. எழுந்து வரட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்கலாம் என்று சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன சொல்லிக் கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஏழு மணிக்கு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாட்டி. நேத்து சாயங்காலம் குடிச்சேன். பாதி. மீதியைக் கக்கூஸ்ல ஊத்திட்டேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

 கண்ணை என் மேல் இருந்து எடுக்கவில்லை. அவள் அப்பன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"ஆறு மணிக்கே தெரியும்."

அவளே போய்த் தாளை எடுத்து வந்தாள். பேனாவையும். முதல் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. அந்த விரல். எனக்கே காட்டித் தருகிறாளா?

இரண்டாவது கட்டத்தில் எழுதினேன்.

"பாட்டி... நான்தானே சொன்னேன்."

"நீ சொல்றதுக்கு முன்னாடி என் மூக்கு சொல்லிடுச்சு. உன் அப்பனுக்குப் பொய் சொல்லிப் பார்த்தாச்சு. இந்தக் கை இனிமே பொய் எழுதாது."

 எழுந்து பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். தாளை அவளே எடுத்துக்கொண்டு போனாள், ஆலோசகரிடம் கொடுக்க. கிழிக்கவில்லை. வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் கிழித்திருப்பேன்.

ஆறு மணி முதலா, ஏழு மணி முதலா? ஆறுதானே.

செப்டம்பர் 6, வெள்ளி

உறையில் வாடை இல்லை. அவள் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

ஒழுங்குக் குழு. நீள மேசை. முதல்வர், கண்ணாடி போட்ட பேராசிரியர், ஆலோசகர். மருமகள் லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மேல் ரொட்டி வாடை. குளித்தாலும் போகாது.

ஆலோசகர் தாளை என் பக்கம் திருப்பினாள். "பாட்டி, இந்த மூணாவது. அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு, கொஞ்சம் சரியா சொல்லுங்க."

அவளுக்குச் சந்தேகம். கதவைத் திறந்து வைத்து, வா வா என்றுதான் கூப்பிட்டாள். எனக்குப் புரிந்தது. "அவளே வந்து சொன்னா, நான்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றால் முடிந்தது. ஆனால் பக்கத்தில் இவள் இருக்கிறாளே. மறுபடியும் அத்தனை பேர் முன்னால், மறுபடியும் இவள் முன்னால், நான் பொய்க்காரியா?

"ஆறு மணிக்கு உறையை முகர்ந்தேன். தெரிஞ்சுது" என்றேன். ஒரு எழுத்து பொய் இல்லை.

பேராசிரியர் பேத்தியைப் பார்த்தார். "நீயா போய்ச் சொன்னியாம்மா, அவங்களா கண்டுபிடிச்சாங்களா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"பாட்டிக்கு முன்னாடியே தெரியும் சார்."

ஒரு வருடம் கல்லூரிக்கு வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆலோசகர் காதில் இருந்து பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 14, சனி

வாய். என் வாய்தான்.

மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே புலம்பினாள். "பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாளே, யார்கிட்டயும் மனசு விட மாட்டேங்கறாளே."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன், என்கிட்ட சொன்னாளே! குடிச்ச மறுநாளு, பல்லுகூட விளக்காம என்கிட்டதான் வந்து உட்கார்ந்து சொன்னா. அட்டையில யார் பேரை எழுதினா? பாத்தியா இல்லியா?"

தேய்க்கிற சத்தம் நின்றது. குழாய்ச் சொட்டு மட்டும் வாளியில் விழுந்தது.

"சொன்னாளா?" என்றாள் மருமகள். கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "அவளே சொன்னாளா அத்தை?"

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் திருப்பிக் கத்தலாம், எனக்கு அது கை வந்த கலை. கத்தவில்லை. அறைக்குள் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேத்தி "விடும்மா" என்றது கேட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

மருமகள் கல்லூரிக்குப் போய் வந்தாள். எழுதியவரே வந்து திருத்தி எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்களாம். வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். எழுதுங்கள் என்று சொல்லவில்லை, வைத்தாள்.

நாலு வரி எழுதினேன். 'பேத்தி தானே சொன்னாள். நான் தெரிந்தே கட்டம் மாற்றி எழுதினேன். அவள் மேல் தப்பு இல்லை. என் கையெழுத்து.' அந்த நாலு வரிக்கு மதியம் முழுவதும் ஆயிற்று.

இவளுக்காக எழுதவில்லை. இவள் அன்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

பதில் வந்தது. குழு டிசம்பரில்தான் மறுபடி கூடும். அதுவரை பேத்தி சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒன்று விடாமல் வர வேண்டும். உடம்பு சரியில்லாவிட்டால் மட்டும் விலக்கு. காரணம் இல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் பேச்சு இல்லை. வந்தால் ஜனவரியில் சேர்த்துக்கொள்வார்கள்.

புது அட்டை கொடுத்தார்களாம். பையில் இருந்து எடுத்துப் பார்த்தேன், அவள் குளிக்கும்போது. 'முதலில் யாரிடம் சொல்வேன்?' என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கணக்கு சொல்லித்தருவதும் இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

பேத்தி இப்போது நகல் எடுக்கிற கடையில் வேலைக்குப் போகிறாள். என்னிடம் பேசாமல் இல்லை. 'சாப்பிட்டேன்.' 'சரி பாட்டி.' 'போயிட்டு வரேன்.' வாடகைக்கு இருக்கிறவர்கள் பேசுகிற மாதிரி.

தலையணை உறையை அவளே துவைக்கிறாள். தினமும். சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவளுக்குத் தெரியும், துணியைத் தினமும் துவைக்கிறவர்கள் இரண்டு வகை. சுத்தக்காரர்கள் ஒரு வகை. இவள் சீப்பைக் கழுவி நான் பார்த்ததில்லை.

மருமகளிடம், "அவ எப்படி இருக்கா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன். முதல் முறையாக நானாகக் கேட்டேன்.

"என்னைக் கேட்டா? நீங்கதான் கண்டுபிடிச்சிடுவீங்களே அத்தை."

எழுதி வைத்துக்கொள்கிறேன். இதையும்.

அக்டோபர் 26, சனி

கூட்டத்துக்குப் போனாள். வந்தாள். தாடிப் பையன் தேறிவிட்டானாம். அவன் அம்மா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாளாம். எனக்கு ஒன்று கொண்டு வந்து தட்டில் வைத்துவிட்டுப் போனாள். தின்னவில்லை. நமத்துவிட்டது.

நவம்பர் 9, சனி

காலை ஆறு மணிக்கே உறை கொடியில் தொங்கிற்று, நீர் சொட்டச் சொட்ட. சோப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். முகர்ந்து பார்த்தால் சோப்புதான். மூக்குக்கு வேலையே வைக்கவில்லை. ஆனாலும் தெரிந்தது.

கடைக்குப் போகவில்லை. மதியம் ஆயிற்று, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை போர்வையை விலக்கிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாளா, அவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேனா? மறுபடி மூடிவிட்டேன்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரை.

தொலைபேசி. ஆலோசகர். "பாட்டி, இன்னைக்கு அவ வரலியே. டிசம்பர் கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. என்ன ஆச்சு?"

சமையலறையில் மருமகள் கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். ஒழுகுகிற குழாய், அதையும் இறுக்கிப் பிடித்து மூடினாள். போர்வைக்குள் அசைவே இல்லை. வீட்டில் இரண்டு பேரும் என் வாயையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காய்ச்சல்மா" என்றேன்.

"அச்சச்சோ. மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

வைத்துவிட்டேன். மருமகள் என்னைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இருபத்து மூன்று.